90,000 பேர் வீடு திரும்புவது எப்படி? (வெம்பிளி ரயில் நிலையங்கள் தரும் பாடம்)

முன்னுரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம் டிபார்ட்மென்டில் பலரும் பாலம், அணை, ப்ரீ-ஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் என்று பெரிய பெரிய தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். நான் எழுதப்போவது ஒரு படிக்கட்டைப் பற்றி. ஃபுட்பால் மேட்ச் முடிந்து கூட்டம் ஏறி இறங்கும் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டு. "இதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்பவர்களுக்காகக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரில் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். ஆனால் ஃபுட்பால் என்றால் சாப்பாடு வேண்டாம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் முடிந்து கடைசி பாசஞ்சர் வண்டிக்காக எல்லோரும் ஒன்றாம் பிளாட்பாரத்தில் நின்றோம். வண்டி வரும் நேரத்தில், அது இரண்டாம் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் ஓவர்பிரிட்ஜ் படிக்கட்டை நோக்கித் திரும்பியது. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. நாலு மாதம் மண்டிக்குப் போக முடியவில்லை. எட்டாவது முடித்திருந்த என் அக்கா அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்தினாள். அதனால்தான் இன்று எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு டிப்ளமோ என்றால் அது நானாக இருக்கிறேன்.

அப்பா இன்றும் ஒன்றையே சொல்வார்: "அந்தப் படி இன்னும் ரெண்டு முழம் அகலமா இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுடா." அது சரியா தவறா என்று பார்க்கத்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அது என்னை இங்கிலாந்தில் லண்டன் மாநகரின் வெம்பிளிக்குக் கொண்டுபோய் விட்டது. ஃபுட்பால் ரசிகர்களையும் ரயிலையும் பற்றி அறிய அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

1. கால்பந்துக்காகவே திறந்த ஸ்டேஷன்

வழக்கமாக முதலில் மைதானம் வரும், பிறகு ஸ்டேஷன் வரும் என்று நினைப்போம். வெம்பிளியில் நடந்தது நேர்மாறு. மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் தலைவராக இருந்த சர் எட்வர்ட் வாட்கின் என்பவர் தம் ரயில் பாதை ஓரத்தில் இடம் வாங்கி, அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா அமைத்தார். மக்கள் பூங்காவுக்கு வரவேண்டும், வருபவர்கள் தம் ரயிலில் வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தப் பூங்காவில் சனிக்கிழமைகளில் நடந்த கால்பந்து ஆட்டங்களுக்காகவே வெம்பிளி பார்க் ஸ்டேஷன் 1893 அக்டோபரில் திறக்கப்பட்டது. எல்லா நாளும் வண்டி நிற்கத் தொடங்கியது 1894 மே மாதத்தில்தான்.

ஈஃபில் கோபுரத்தைவிட உயரமான கோபுரம் ஒன்றையும் வாட்கின் அங்கே கட்டத் தொடங்கினார். அது முதல் தட்டோடு நின்றுபோய், 1907-இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் 1923-இல் வெம்பிளி மைதானம் எழுந்தது.

2. 1923: கூட்டம் கற்பித்த முதல் பாடம்

1923 ஏப்ரல் 28. புதிய மைதானத்தின் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். போல்ட்டன் வாண்டரர்ஸும் வெஸ்ட் ஹாமும் மோதின. எல்லோருக்கும் முன்கூட்டியே டிக்கெட் என்ற ஏற்பாடு கிடையாது. வாசலில் பணம் கட்டி நுழையலாம். கணக்கில் வந்தவர்கள் 1,26,047 பேர். சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சம் இருக்கும் என்று பலர் மதிப்பிட்டார்கள். ஆட்டக்களமே மறைந்துபோகும் அளவுக்கு மக்கள் உள்ளே நிறைந்துவிட்டார்கள். குதிரைப் போலீசார் சிறிது சிறிதாகக் கூட்டத்தை ஓரம் ஒதுக்கினார்கள். பில்லி என்ற வெள்ளைக் குதிரை பத்திரிகைப் படங்களில் பளிச்சென்று தெரிந்ததால், அந்த ஆட்டத்துக்கே வெள்ளைக் குதிரை இறுதி ஆட்டம் என்று பெயர் வந்துவிட்டது. ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

இதில் பொறியியல் மாணவர்களான நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே நாளில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ரயில் பாதையும் திறக்கப்பட்டது. அது வளையப் பாதை. சாதாரணமாக ஒரு வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போனால் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். அதற்குள் அடுத்த வண்டி பின்னால் காத்து நிற்கும். வளையப் பாதையில் அந்த வேலையே இல்லை. வண்டி ஒரு பக்கமாக நுழைந்து, ஆளை இறக்கிவிட்டு, சுற்றிக்கொண்டு மேரில்போன் நோக்கித் திரும்பிப் போய்விடும். கோயிலைச் சுற்றி ஒரே திசையில் தேர் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அருமையான அமைப்பு! அந்தப் பாதை 1960-களின் கடைசி வரை இருந்தது.

ஆக, ஆட்களைக் கொண்டுவந்து கொட்டும் வேலையை ரயில் மிக நன்றாகவே செய்தது. வந்தவர்களை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் வரலாம் என்று ஆக்கினார்கள்.

3. மனிதன் தண்ணீர் அல்ல

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் ஒரு சூத்திரம் மறந்திருக்காது. ஓட்டம் என்பது பரப்பு பெருக்கல் வேகம். குழாய் குறுகினால் தண்ணீர் வேகமெடுத்து அந்த இடத்தைக் கடந்துவிடும். லேபில் வெஞ்சுரிமீட்டரில் பார்த்திருக்கிறோம்.

மனிதக் கூட்டம் இதற்குத் தலைகீழ். பாதை குறுகினால் கூட்டம் நெருங்கும். நெருங்கினால் கால் எடுத்து வைக்க இடம் இருக்காது, வேகம் குறையும். ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆள் என்றால் தாராளமாக நடக்கலாம். நாலு பேர் என்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் நம் கால் நம் பேச்சைக் கேட்காது. கூட்டம் எங்கே தள்ளுகிறதோ அங்கே போவோம். பின்னால் இருப்பவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவன் வண்டியைப் பிடிக்கத் தள்ளிக்கொண்டே இருப்பான்.

இங்கிலாந்தில் விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கென்று ஒரு வழிகாட்டி நூல் உண்டு. அட்டையின் நிறத்தால் அதைப் பச்சை வழிகாட்டி என்பார்கள். அதன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு தரும் அளவு இது: சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படிக்கட்டில் 66 பேர்தான். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

4. பதின்மூன்றாம் எண் படிக்கட்டு

அந்த வழிகாட்டி சும்மா வந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானம் இருக்கிறது. அதன் வாயில்களில் 13-ஆம் எண் படிக்கட்டுதான் அன்று கோப்லண்ட் ரோடு என்று அழைக்கப்பட்ட சுரங்க ரயில் ஸ்டேஷனுக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது. எனவே ரயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதையே தேடிப் போவார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தானே செய்வோம்?

1961-இல் அதே படிக்கட்டில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். 1967-லும் 1969-லும் மறுபடி விபத்து, பலருக்குக் காயம். 1971 ஜனவரி 2 அன்று ரேஞ்சர்ஸ், செல்டிக் ஆட்டம் முடிந்து கூட்டம் இறங்கியபோது யாரோ தடுமாறி விழ, மேலிருந்து வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். 66 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர்.

அதன் பிறகுதான் விசாரணை, 1973-இல் வழிகாட்டி நூல், 1975-இல் சட்டம் எல்லாம் வந்தன. ஒரே படிக்கட்டு பத்து ஆண்டுகளில் மூன்று முறை எச்சரித்தது. கேட்க ஆள் இல்லை. இந்தப் பகுதியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் தோளில் இருந்து நான் பார்த்த தலைகள்தான் கண்முன் வந்தன.

5. இன்றைய வெம்பிளி

பழைய மைதானத்தை இடித்து, 2007-இல் புதிய மைதானம் திறந்தார்கள். 90,000 இருக்கைகள். அதைச் சுற்றி மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன.

முதலாவது வெம்பிளி பார்க். மெட்ரோபாலிட்டன், ஜூபிலி ஆகிய இரண்டு பாதைகள் இங்கே வருகின்றன. ஃபிஞ்ச்லி ரோடுக்கும் வெம்பிளி பார்க்குக்கும் இடையில் ஜூபிலி வண்டி ஐந்து ஸ்டேஷன்களில் நின்று வரும். மெட்ரோபாலிட்டன் வண்டி எங்கும் நிற்காமல் வந்துவிடும். நம் ஊர் பாஷையில் சொன்னால் ஒன்று டவுன் பஸ், மற்றது பாயின்ட் டு பாயின்ட்.

இரண்டாவது வெம்பிளி ஸ்டேடியம் ஸ்டேஷன். மேரில்போனிலிருந்து வரும் வண்டிகளும், பர்மிங்காம் பக்கத்திலிருந்து வரும் சில வண்டிகளும் இங்கே நிற்கும். அந்தப் பக்கத்து வெளியூர் ரசிகர்கள் லண்டன் நடுவுக்குள் போகாமலே மைதானத்துக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது வெம்பிளி சென்ட்ரல். இந்த வழியாக யூஸ்டன் செல்லும் பாதைக்கு 2024-இல் லயனெஸ் பாதை என்று பெயர் வைத்தார்கள். 2022-இல் இதே வெம்பிளியில் ஜெர்மனியை வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற இங்கிலாந்து மகளிர் அணியின் நினைவாக வைத்த பெயர் அது. பெண் சிங்கங்கள்!

இப்போது கணக்குக்கு வருவோம். வெம்பிளி பார்க் ஸ்டேஷன் முன்பு மணிக்கு சுமார் 22,000 பேரைத் தாங்கியது. 90,000 பேரும் அதற்கே வந்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிய மைதானத்துக்காக 2006-இல் அகலமான படிகளும் லிஃப்ட்டுகளும் கட்டி அதை மணிக்கு 37,500 பேராக உயர்த்தினார்கள். அதாவது நிமிடத்துக்கு 625 பேர். இதை 66-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு திசைக்கு மட்டும் ஒன்பதரை மீட்டர் படிக்கட்டு அகலம் வேண்டும்! நம் டிராயிங் ஷீட்டில் நாம் போடும் ஒன்றரை மீட்டர் படியை நினைத்துக்கொண்டேன். வண்டிப் பக்கம் பார்த்தால், ஒரு வண்டிக்கு சுமார் 1,000 பேர் என்று வைத்தால் 96 வினாடிக்கு ஒரு வண்டி புறப்பட வேண்டும். இரண்டு பாதை இருப்பதால்தான் இது முடிகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் படிக்கட்டு அல்ல. மைதானத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒலிம்பிக் வே என்ற நீண்ட, அகலமான நடைபாதை இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் கூட்டத்தை அங்கேதான் நிறுத்துகிறார்கள். "நில்", "போ" என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு ஊழியர்கள் நிற்பார்கள். பிளாட்பாரம் காலியாகும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆளை விடுவார்கள். சட்டென்று பார்த்தால் எதற்கு மக்களைத் தெருவில் காக்க வைக்கிறார்கள் என்று கோபம் வரும். யோசித்தால் புரியும். காத்திருப்பு எப்படியும் உண்டு. அது சமதளத்தில், வானம் தெரியும் இடத்தில் நடந்தால் வெறும் அலுப்பு. படிக்கட்டில் நடந்தால் ஆபத்து.

6. சிறிய ஸ்டேஷன்கள் படும் பாடு

எல்லா ஊரும் வெம்பிளி ஆகிவிடாது. லண்டனிலேயே ஆர்சனல் ஸ்டேஷனைப் பாருங்கள். 1906-இல் திறந்தபோது கில்லெஸ்பி ரோடு என்று பெயர். ஆர்சனல் கிளப்பின் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன் விடாமல் முயன்று 1932-இல் பெயரை மாற்ற வைத்தார். அங்கே பிளாட்பாரத்துக்குப் போக நீண்ட சரிவான சுரங்க வழிதான். அதற்குள் கம்பித் தடுப்பு போட்டு ஒரு பகுதியைப் பிரித்திருக்கிறார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. செலவு குறைவு, பலன் பெரிது. 2006-இல் கிளப் புதிய மைதானத்துக்கு மாறியபின் அருகில் ஹாலோவே ரோடு ஸ்டேஷனும் இருக்கிறது. ஆனால் அது லிஃப்ட்டை நம்பிய ஸ்டேஷன். எனவே போட்டி நாட்களில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு ஸ்டேஷன் உதவாது என்பதற்கு இது சான்று.

மான்செஸ்டரில் இன்னொரு விதம். ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தின் சுவரை ஒட்டியே 1935-இல் ஒற்றைப் பிளாட்பாரம் ஒன்று போட்டார்கள். ஆட்ட நாளில் மட்டும் வண்டி நிற்கும். வண்டியிலிருந்து இறங்கினால் நேராக மைதானம்! கேட்க இனிமையாக இருக்கிறது. கூட்டம் நிற்க இடம் எங்கே? பாதுகாப்புக் காரணம் சொல்லி அங்கே வண்டி நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். இப்போது ரசிகர்கள் பெரும்பாலும் சற்றுத் தள்ளியுள்ள டிராம் நிறுத்தங்களுக்கு நடக்கிறார்கள்.

கோவென்ட்ரி நகரின் கதை இன்னும் வேடிக்கை. 32,000-க்கு மேல் இருக்கைகள் கொண்ட மைதானத்தின் பக்கத்தில் 2016 ஜனவரியில் புது ஸ்டேஷன் திறந்தார்கள். பிளாட்பாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் வந்த வண்டிக்கு ஒரே ஒரு பெட்டி, 75 பேர்தான் போகலாம், அதுவும் மணிக்கு ஒன்று. ஆகவே பெரிய ஆட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ஸ்டேஷனையே பூட்டி வைக்க வேண்டியதாயிற்று! சிரிப்பு வரும். ஆனால் பூட்டியது சரிதான் என்பேன். 75 பேர் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் ஆளை உள்ளே விடுவதைவிட அது மேல். கட்டடம் மட்டும் கட்டினால் போதாது, வண்டி ஓட்டுபவரும் கட்டுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே பாடம்.

7. எங்கள் ஸ்டேஷன் கணக்கு

சர்வே கேம்ப் முடிந்து வந்த வாரம், டேப்பை எடுத்துக்கொண்டு நானும் இரண்டு நண்பர்களும் அந்த ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. ஓவர்பிரிட்ஜ் படிக்கட்டு, இரு கைப்பிடிகளுக்கும் இடையே 1.8 மீட்டர். அன்றைய கூட்டம் அப்பா கணக்குப்படி "அறுநூறு பேராவது இருப்பாங்க". வண்டி நிற்பது இரண்டு நிமிடம்.

அகலம் 1.8 மீ. x 66 = நிமிடத்துக்கு 119 பேர்
இரண்டு நிமிடத்தில் = 238 பேர்
பிளாட்பாரத்திலேயே நின்றுபோவோர் = 362 பேர்

இந்த 362 பேருக்கும் அதுதான் கடைசி வண்டி. தள்ளாமல் என்ன செய்வார்கள்?

இப்போது அப்பா கேட்ட இரண்டு முழத்தைச் சேர்ப்போம். அது 0.9 மீ. மொத்தம் 2.7 மீ.

2.7 x 66 = நிமிடத்துக்கு 178 பேர்
இரண்டு நிமிடத்தில் = 356 பேர்
நின்றுபோவோர் = 244 பேர்

அகலப்படுத்தியும் 244 பேர் மிச்சம்! நெரிசல் குறையும், தீராது. சரி, படிக்கட்டைத் தொடவே வேண்டாம். பழைய 1.8 மீட்டரே இருக்கட்டும். பிளாட்பாரம் மாறுவதைப் பத்து நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால்? 600-ஐ 119-ஆல் வகுத்தால் ஐந்து நிமிடம். பாலத்தின்மேல் நடந்து மறுபக்கம் இறங்க இன்னும் இரண்டு நிமிடம் போட்டாலும் ஏழு. எல்லோரும் நிதானமாகப் போய்ச் சேர்ந்து, வண்டி வருவதற்கு மூன்று நிமிடம் நின்றிருக்கலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

முடிவுரை

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. மூட்டைக் கணக்கு போட்டுப் பழகியவர் அல்லவா? விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப படி மேல தப்பு இல்லையா?" என்றார். "படியும் சின்னதுதாம்பா. ஆனா முன்னாடியே சொல்லியிருந்தா அதுவே போதும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லாரிக்காரன் எந்தப் பக்கம் நிறுத்துவான்னு முன்னாடி சொல்லலேன்னா மண்டியிலயும் இதேதான்டா" என்றார். நான் ஆறு மாதம் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்! அக்காவும் பக்கத்தில் இருந்தாள். நோட்டை வாங்கிப் பார்த்து, ஒரு வகுத்தலை மட்டும் மறுபடி போட்டுச் சரிபார்த்தாள். சரியாகவே இருந்தது.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் ரயில்வேயிலும், பொதுப்பணித் துறையிலும், கான்ட்ராக்டரிடமும் வேலைக்குப் போவோம். நம் கைக்கு மைதானம் வராமல் போகலாம். பள்ளிக்கூடப் படி, சினிமாக் கொட்டகை வாசல், பஸ் ஸ்டாண்டு நடைபாதை கட்டாயம் வரும். அப்போது மூன்று கேள்விகள் கேட்போம். நிமிடத்துக்கு எத்தனை பேர்? மீதிப் பேர் எங்கே நிற்பார்கள்? அவர்களுக்கு யார், எப்போது சொல்வார்கள்? முதல் கேள்விக்கு டேப் போதும். மற்ற இரண்டுக்கும் கூட்டத்தில் நிற்கும் மனிதனை நம் வீட்டு ஆளாக நினைக்க வேண்டும்.



மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்